இராசம்மாவுக்கு எழுதிக் கொடுத்த தாள்

2008 மார்ச் 9, ஞாயிறு. பெல்மதுளை.

மாலையில் மகள் சுமதி கொழும்பிலிருந்து போன் செய்தாள். கலாநிதிப் பட்டம் முடித்தவளுக்கு ஜெர்மனியில் ஓர் ஆராய்ச்சி வேலை கிடைத்திருப்பதாகப் போன ஞாயிறே சொல்லியிருந்தாள். மயிரிழை அளவுக் குழாய்களில் ஒரு சொட்டு இரத்தத்தை ஓடவிட்டு, மறதி நோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்கும் கருவி செய்கிறார்களாம். நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

அவள் அம்மா இராசம்மாவுக்கு மறதி தொடங்கி ஒரு வருடமாகிறது. தெரிந்தால் சுமதி போகமாட்டாள். அதனால் இராசம்மா பேச வேண்டியதைத் தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்திருந்தேன். அவளும் தடுமாறாமல் வாசித்தாள்.

"சாப்பிட்டியாம்மா? நாங்க நல்லா இருக்கோம். நீ யோசிக்காம போயிட்டு வா. இந்த இடத்தில் சிரிக்கவும்."

கடைசி வரியை நான் அடைப்புக்குறிக்குள் எழுதியிருந்தேன். தோட்டத்துப் பாடசாலையில் நாடகம் பழக்கிய புத்தி.

போனை வாங்கிக்கொண்டேன்.

"அம்மா என்னப்பா வாசிக்கிறாங்க?"

"சும்மா வெளையாட்டும்மா. பழைய நாடகம்."

"நல்லாத்தானே இருக்காங்க?"

"நல்லா இருக்கா."

"அப்ப வர்றேன்னு எழுதிப் போடுறேன்பா" என்றாள். நம்பினாளா என்று தெரியவில்லை. அவள் அங்கே போய்த் தேடப்போகும் நோயை நான் இங்கே ஒளித்து வைத்திருக்கிறேன்.

இராசம்மா தாளை மடித்துத் திருப்பித் தந்தாள்.

"நல்லா வாசிச்சேனுங்களா மாஸ்டர்?"

என் மாணவர்கள்தான் என்னை அப்படிக் கூப்பிடுவார்கள். நன்றாக வாசித்தாய் என்றேன்.

அடுத்த ஞாயிறுக்கும் ஒரு தாள் எழுத வேண்டும். அடைப்புக்குறி இல்லாமல்.