கம்ப்யூட்டரில் நாங்கள் ஒருவர்

மார்ச் 4, செவ்வாய்

கண்புரை ஆபரேஷனுக்குத் தேதி வாங்கப் போனேன். வாங்கி வந்தது புராஸ்டேட் வீக்கம். ஆஸ்பத்திரியின் புதுக் கம்ப்யூட்டரில் என் பெயருக்குக் கீழே அப்படித்தான் இருக்கிறதாம். கண் டாக்டர் திரையிலிருந்து முகத்தை எடுக்காமலே, "புராஸ்டேட் மாத்திரை சாப்பிடறவங்களுக்கு ஆபரேஷன்ல சிக்கல் வரும், இப்ப தேதி தர முடியாது" என்றார்.

"டாக்டர், நான் பொம்பளை."

திரும்பிப் பார்த்தார். பிறகு மறுபடியும் திரையைப் பார்த்தார் — எதை நம்புவது என்று தெரியாதவர் போல.

மார்ச் 5

விஷயம் புரிந்தது. யார் கேட்டாலும் வீட்டுக்காரர் போன் நம்பரைத்தான் கொடுப்பேன். பழைய ஃபைல்களை ஏற்றும்போது ஒரே நம்பர் என்று எங்கள் இருவரையும் ஒருவராக்கிவிட்டார்கள். இத்தனை வருஷக் குடித்தனத்தில் நாங்களே சாதிக்காத ஒற்றுமை.

கவுண்டர் பெண் சொல்கிறாள், "பிரிக்கணும்னா ரெண்டு பேரும் நேர்ல வரணும் மேடம்." வரிசையில் நின்ற அம்மாள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

மார்ச் 7

வரமாட்டாராம். "ஆஸ்பத்திரிக்குப் போனாத்தான் வியாதியே வரும்." பழைய சீட்டைக் காட்டியே மாத்திரை வாங்கிக் காலம் தள்ளுகிற மகாராஜா. மாடி ஏறும்போது மட்டும் பாதியில் நின்று ஜன்னலை ரசிக்கிறார்.

மார்ச் 10

தண்ணீரை டம்ளருக்கு வெளியே ஊற்றிவிட்டேன். அவர்தான் துணி எடுத்து வந்து துடைத்தார்.

மார்ச் 11

வந்தார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. புது ஃபைல் திறக்க எடை, ரத்த அழுத்தம், ஈசிஜி எல்லாம் வேண்டுமாம். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் கம்ப்யூட்டர் நகராது. "இவ கண்ணுக்கு என் நெஞ்சு எதுக்கு?" என்று நர்ஸோடு சண்டை.

நர்ஸ் ஈசிஜி தாளைப் பார்த்தாள். "ஐயா, அப்படியே படுத்திருங்க. எந்திரிக்காதீங்க."

கட்டிலுக்கடியில் கிடந்த அவர் செருப்பை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

மார்ச் 12

அடைப்பாம். ரெண்டு இடத்துல. இவ்வளவு நாளா எப்படிங்க வாயத் திறக்காம இருந்தீங்க? பாவி மனுஷன்.

மார்ச் 15

ஸ்டென்ட் வைத்தாயிற்று. பிழைத்துவிட்டார். கண் விழித்ததுமே தலையணை சரியில்லை என்று ஆரம்பித்தாயிற்று.

கவுண்டர் பெண் வார்டுக்கே வந்தாள். "பிரிச்சாச்சு மேடம். திங்கக்கிழமையே உங்க கண்ணுக்குத் தேதி இருக்கு."

இதற்காகத்தான் நடையாய் நடந்தேன். இவர் எழுந்து நடமாடட்டும், பிறகு பார்க்கலாம் என்றேன்.

"அதுக்குள்ள இன்னும் மங்கிடுமே மேடம்."

மங்கட்டும். நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டுக்கொண்டேன். போர்வை ஏறி இறங்குவது தெரிகிறது. இந்தத் தூரத்துக்கு இந்தக் கண் போதும்.