கல்வெட்டில் நான் எடுத்துவிடச் சொன்ன வரி

என் குஞ்சுத் தம்பி,

மூன்றாம் வகுப்போடு நின்ற கை இது. பிழை இருந்தால் நீதான் திருத்தித் தருவாய். இனி யார் திருத்துவது? நீ போன முப்பத்தோராம் நாளுக்கு உன் நினைவாக அச்சடிக்கிற கல்வெட்டுப் புத்தகத்தில், பாட்டுகளுக்குப் பின்னால் ஒரு பக்கம் கேட்டு வாங்கி எழுதுகிறேன். சொந்தபந்தம் எல்லாரும் வாசிக்கட்டும்.

நெருப்புக் காய்ச்சலில் நீ கிடந்த பாயை எரித்துவிட்டார்கள். உன் புராணப் புத்தகத்தை மட்டும் நான் எரிக்கக் கொடுக்கவில்லை.

போன கிழமை கந்தையா வாத்தியார் வந்தார். கோயிலில் நீ புராணப் பாட்டை இசையோடு படிக்க, பக்கத்தில் இருந்து பொருள் விரித்துப் பயன் சொல்லுகிறவர். கல்வெட்டுப் பாட்டுகளை எனக்கு வாசித்துக் காட்டினார். நீ கொழும்பு ரேடியோவில் புராணம் படித்துப் பேரெடுத்தாய் என்று ஒரு வரி. எழுதியவருக்கு அதைச் சொன்னவள் நான்தான். அந்த இடத்தில் வாத்தியார் கண்ணாடியைக் கழற்றினார்.

"பிள்ளை, உந்த வரியை எடுத்துவிடுவம்."

"ஏன் ஐயா? நீங்களும் கூடத்தானே போனனீங்கள்?"

"போனனான். அவன் படிக்கேல்லை, பிள்ளை. மைக்குக்கு முன்னாலை வாயைத் திறந்தான், குரல் வரேல்லை. ரேடியோக்காரரும் பொறுத்துப் பாத்தவங்கள். பிறகு வீணை இசைத்தட்டு ஒண்டைப் போட்டிட்டாங்கள். ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ எண்டு றெயிலிலை என்ரை கையைப் பிடிச்சவன்." என் முகத்தைப் பார்த்தார். "நீர் கேட்டிருப்பீர் எண்டெல்லோ நினைச்சன்?"



ரேடியோ இருந்தது பக்கத்து ஓவசியர் வீட்டில் மட்டும்தான். வேலி அடைக்கும்போது கதியால் தடிகளை ஒரு சாண் எங்கள் பக்கம் தள்ளி நட்டார்கள் என்று, ஓவசியரின் பெண்சாதி அன்னம்மாவின் முகத்தை நான் மூன்று வருஷம் பார்க்கவில்லை. நீ எனக்குச் சொல்லாமல் அங்கே போய், அக்கா கேட்க வருவா என்று சொல்லி வைத்தாய்.

"ஆளில்லாத அறையிலையாம் படிக்கிறது, அக்கா. நீங்கள் முன்வரிசையிலை இருக்கிறியள் எண்டு நினைச்சுத்தான் படிக்கப் போறன். ஊருக்குப் பிறகு சொல்லுவம்" என்றாய்.

நீ படிக்கிற நாள் பின்னேரம் சீலை மாற்றிக்கொண்டு அவர்கள் வாசல் படலை வரை போனேன். உள்ளே அன்னம்மா மகளுக்குச் சொன்னது கேட்டது: "வேலிக்காரி வரப் போறா. பாயை ஒரு சாண் இஞ்சாலை இழுத்துப் போடு. பிறகு அதுக்கும் வழக்கு வைப்பா."

திரும்பி வந்துவிட்டேன். எங்கள் வளவில் வேலியோரம் நின்றிருந்தாலே கேட்டிருக்கும். நானோ ஊறப்போட்ட அரிசியை உரலில் கொட்டி இடித்தேன். ரேடியோச் சத்தம் எனக்குக் கேட்கக் கூடாது, உலக்கைச் சத்தம் அவளுக்குக் கேட்க வேண்டும் என்று இடித்தேன்.

அடுத்த நாள் நீ கொழும்பிலிருந்து வந்தாய். கையில் இருந்த பெட்டியைக்கூட இறக்கவில்லை.

"கேட்டனீங்களோ, அக்கா?"

"ஓம் தம்பி, கேட்டன். கண்ணாலை தண்ணி வந்திட்டுது. குரலிலை ஒரு பிசிறில்லை."

நீ என்னைப் பார்த்தபடி நின்றாய். பிறகு சிரித்து, "பசிக்குது" என்றாய். அந்த மாவில் அவித்த பிட்டைத்தான் உனக்குப் போட்டேன்.

அதற்குப் பிறகு கோயிலில் புராணம் தொடங்கியபோது தொண்டை நோகிறது என்று நீ போகவில்லை. நான் கற்பூரவள்ளி அவித்துத் தந்தேன். ஒரு சொல் சொல்லாமல் குடித்தாய். சொல்லுகிற வழியை நான்தானே அடைத்துவிட்டேன்.

வாத்தியார் போனதும் அன்னம்மா வீட்டுப் படலையைத் திறந்து உள்ளே போனேன்.

"அண்டைக்கு ரேடியோவிலை வீணைதான் போனது" என்றாள். "என்ன நடந்ததெண்டு விளங்கேல்லை. ஆனால் ஒருத்தருக்கும் மூச்சு விடேல்லை. நீ இடிச்ச இடி கேட்டதடி. என்ரை வாயாலைதானே திரும்பிப் போனனீ?"

என் எதிரி என்று நினைத்தவள் உன் மானத்தைக் காத்திருக்கிறாள். நான் என்ன காத்தேன்? ஒரு சாண் நிலம்.

வரியை எடுத்துவிடச் சொல்லிவிட்டேன். இந்தப் பக்கத்தை எழுதப் போகிறேன் என்றதும், அவன் மறைத்ததை அச்சில் போடலாமோ என்று வாத்தியார் தடுத்தார். ஆனால் வெட்கம் உன்னுடையது இல்லை, தம்பி. முன்வரிசையில் ஆள் இல்லை. குரல் எப்படி வரும்?

வருகிற புராணத்துக்கு முதல் நாள் தொடங்கி முடிகிற நாள் வரை அன்னம்மாவோடு முன்வரிசையில் இருப்பேன். யார் படித்தாலும், குரல் வந்தாலும் வராவிட்டாலும், எழும்ப மாட்டேன். இது சத்தியம்.

ஒன்று மட்டும் எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு எங்கள் படலையைத் திறந்தபோது, அக்கா கேட்டிருக்க வேண்டும் என்று நினைத்து வந்தாயா, கேட்டிருக்கக் கூடாது என்று நினைத்து வந்தாயா?

உன்னைக் கேளாமல் இருந்த,
உன் அக்கா