சிவப்பு நூல் கட்டாத கட்டில்

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் சுகம் என்று எழுதுவதுதான் முறை, அதை எழுதியாகிவிட்டது என்று வைத்துக்கொள். நீ சுகம் என்பதை நானே முடிவு செய்துகொண்டேன். பயிற்சிக்கு என்று அந்த ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. போனில் பிடித்தால், டூட்டில இருக்கேம்மா, அப்புறம் பேசறேன் என்கிறாய். அந்த அப்புறம் எந்தக் கிழமை வருகிறது என்று காலண்டரில் தேடிப் பார்த்துவிட்டேன். அதனால்தான் பேனாவைப் பிடித்தேன். பக்கத்துக்கு நாலு அடித்தல் இருக்கும். சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்பிவிடாதே, தாயே.

உன்னை மாதிரி எட்டு நர்சிங் பிள்ளைகள் வருகிற திங்கட்கிழமை எங்கள் வார்டுக்குப் பயிற்சிக்கு வருகிறார்கள். ஆறு வாரம் இருப்பார்களாம். பக்கவாதம் வந்த பன்னிரண்டு பேரை வைத்துக்கொண்டு நாங்கள் பாட்டுக்குக் கிடந்தோம். இப்போது கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. துணி வைக்கிற அறையைக் காலி செய்து, பிள்ளைகள் பை மாட்ட எட்டுக் கொக்கி அடித்தோம். எட்டு நாற்காலி கேட்டதற்கு ஆறு வந்தது, அதில் ஒன்றுக்குக் கால் ஆடுகிறது. எந்தப் பிள்ளை முதலில் என்னை அதட்டிக் கூப்பிடுகிறதோ அதற்கு அந்த நாற்காலி என்று வைத்திருக்கிறேன்.

யார் எதைச் சொல்லிக்கொடுப்பது என்று ஒரு பட்டியல் ஒட்டியிருக்கிறார்கள். மருந்து, ஊசி எல்லாம் சின்ன சிஸ்டர். உன்னைவிட மூன்று வயது மூத்தவள், நடையே தத்தித் தத்தி இருக்கும், நான் சிட்டு என்று கூப்பிடுவேனே, அவள்தான். பிள்ளைகளுக்குப் பொறுப்பும் அவள்தான். கடைசி வரியில் யார் தெரியுமா? ஆயா வேலை பார்க்கிற உன் அம்மா! சாப்பாடு ஊட்டுவதும், புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பதும். இதுல உங்கள மிஞ்ச ஆள் கிடையாது, நீங்கதான் காட்டணும் என்று பெரிய சிஸ்டரே சொன்னார். ஒரு நாளைக்கு ஐந்து தடவை அந்தச் சுவர் பக்கம் போய் நின்றேன். என் பெயரை மட்டும் எந்த எழுத்தில் எழுதினாலும் எனக்குத் தெரியும்.

சரி, சிரித்தது போதும். இனி வருவதை உட்கார்ந்து படி.

என் நூல்கள் உனக்கு ஞாபகம் இருக்கும். சின்ன வயதில் லீவு நாளில் உன்னை வார்டுக்குக் கூட்டிப்போனால் அதையெல்லாம் எண்ணிக்கொண்டிருப்பாய். கட்டிலின் கால்மாட்டுக் கம்பியில் சிவப்பு நூல் கட்டியிருந்தால், அவருக்குத் தண்ணீரோ டீயோ அப்படியே கொடுக்கக் கூடாது. விழுங்கத் தெரியாது, நுரையீரலுக்குள் போய்விடும். பொடி கலந்து கஞ்சிப் பதத்தில்தான் ஊட்ட வேண்டும். மஞ்சள் என்றால் தனியாக எழுந்தால் விழுந்துவிடுவார். பச்சை என்றால் காது கேட்காது. ஆள் வந்த அன்றே எந்த நூல் என்று சிஸ்டரிடம் கேட்டுக் கட்டிவிடுவேன். பதினாறு வருஷமாக என் கையில் ஒருத்தருக்கும் புரை ஏறியதில்லை.

பிள்ளைகள் வரும் முன்னால் கல்லூரியிலிருந்து ஒரு அம்மா பார்க்க வந்தார். இது என்ன, கோயில் மரமா, கிருமி சேரும், இதைப் பார்த்துப் பிள்ளைகள் என்ன படிப்பார்கள் என்றார். மறுநாள் பெரிய சிஸ்டர் கத்தரிக்கோலை என் கையிலேயே கொடுத்தார். பன்னிரண்டு கட்டிலிலும் நானே வெட்டினேன். வெட்டினதை பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தேன். அதற்குப் பதிலாகத் தலைமாட்டில் வெள்ளைப் பலகை மாட்டினார்கள். எல்லாம் இங்கிலீஷில், சுருக்கெழுத்து, ஒரே நீல மையில்.

அதைப் படிக்க ஒரு நாள் எங்களுக்கு வகுப்பு வைத்தார்கள். சிட்டுதான் எடுத்தாள். முடிந்ததும் என்னைப் பார்த்து, புரிஞ்சுதாம்மா என்று கேட்டாள். ஒன்றும் புரியவில்லை, கண்ணு. நீ ஏழாவது படிக்கும்போது எனக்கு அந்த எழுத்துகளைச் சொல்லிக்கொடுத்தாயே, பாதியிலேயே நான் குறட்டை விட்டேனே, அவ்வளவுதான் என் இங்கிலீஷ். ஆனால் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பட்டியலில் வேறு என் பெயர் இருக்கிறது. ஏன் புரியாம, நாளைக்கு இந்தப் பலகைல எம்பேருக்குப் பின்னால டாக்டர்னு எழுதிடுங்க என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை ஒருவர் வந்தார். பஸ் ஓட்டினவர். வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு குழறும். டிரைவர் அண்ணே, எந்த ரூட்டு என்று கேட்டேன், இடது கையால் ஸ்டியரிங் திருப்பிக் காட்டினார். அப்படி ஒரு மனுஷன். சிட்டு பலகையில் எழுதிவிட்டு, போர்டப் பாத்துக்கங்கம்மா என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். அந்த நேரத்தில் நான் எட்டாவது கொக்கியை அடித்துக்கொண்டிருந்தேன். சரி கண்ணு என்றேன்.

புதன்கிழமை சாயங்காலம் அவர் டீ கேட்டார். நான் பலகையை நிமிர்ந்து பார்த்தேன். நாலைந்து எழுத்து இருந்தது. என்ன நூல் என்று யாரிடமாவது கேட்டிருக்கலாம், இரண்டடி தள்ளித்தான் சிட்டு நின்றாள். கேட்டால் தெரிந்துபோகுமே. கால்மாட்டுக் கம்பியைப் பார்த்தேன். கம்பி வெறுமையாக இருந்தது. என் கண் அதைத்தான் நம்பியது. நூலை வெட்டினவளே நான்தான் என்பது அந்த நிமிஷம் என் புத்தியில் இல்லை. அரை டம்ளர் டீ கொடுத்தேன். குடித்துவிட்டுச் சிரித்தார். பிறகு இருமினார். முதுகைத் தடவிவிட்டேன், நின்றது. வாயைத் துடைத்துவிட்டு வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை காய்ச்சல். வெள்ளிக்கிழமை மேல்மாடியில் தீவிர சிகிச்சைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இப்போது மூச்சுக்கு முகமூடி வைத்திருக்கிறது. இரண்டு நாள் போகணும், சொல்ல முடியாது என்கிறார் டாக்டர்.

பெரிய சிஸ்டர் எல்லோரையும் நிற்க வைத்துக் கேட்டார். டீ வண்டி அன்றைக்கு என்னிடம் இருந்தது, ஆகவே கொடுத்தது நான் என்று தெரியும். என்னிடம் சொன்னார்களா என்பதுதான் கேள்வி. சிட்டு என் பக்கம் திரும்பி, நான் சொன்னேன்லம்மா, போர்டப் பாக்கச் சொன்னேன்ல என்றாள். எதற்கெடுத்தாலும் ஒரு பதில் வைத்திருக்கிற உன் அம்மா, ஞாபகம் இல்லம்மா என்றாள்.

பலகையில் எழுதினால் மட்டும் போதாது, ஆயாவிடம் வாயாலும் சொல்ல வேண்டுமாம். அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் அவள் தலையில் விழுந்துவிட்டது. திங்கட்கிழமை பத்து மணிக்கு அவளை விசாரிக்கிறார்கள். பிள்ளைகள் உள்ளே நுழைகிற அதே நேரம். பயிற்சிப் பொறுப்பிலிருந்து இப்போதே எடுத்துவிட்டார்கள், வேலையும் போய்விடும் போலிருக்கிறது. பட்டியலில் அவள் பெயரை அடித்திருக்கிறார்கள். என் பெயர் அப்படியே இருக்கிறது. இப்போது அந்தச் சுவர் பக்கமே நான் போவதில்லை.

இன்று காலை மேல்மாடிப் படியில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். தலையைக் குனிந்துகொண்டு தாண்டப் பார்த்தேன். கையைப் பிடித்துக்கொண்டார். வந்த நாள்லேர்ந்து எல்லாரும் எதுவும் குடுக்கக் கூடாதுன்னே சொன்னாங்க, அவரு ஆசைப்பட்டுக் கேட்டதக் குடுத்தது நீங்க ஒருத்திதான்னு கேள்விப்பட்டேன் என்றார். நன்றி சொன்னார், கண்ணு. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

உன் அப்பாவிடம் சொல்லவில்லை. வாய மூடிக்கிட்டு இரு, உனக்கு இன்னும் ஆறு வருஷம் சர்வீஸ் இருக்கு என்பார். எனக்கும் அந்த எண்ணம் வரவில்லை என்று சொன்னால் பொய். வேலை போனால்கூடப் பரவாயில்லை. பலகை படிக்கத் தெரியாதவள் பதினாறு வருஷம் இங்கே எப்படி இருந்தாள் என்று கேட்பார்களே, அதற்குத்தான் என் உடம்பு கூசுகிறது. உன் தோழிகளிடம் எங்கம்மாவும் பாதி நர்ஸ்தான் என்று சொல்லி வைத்திருக்கிறாய்.

என்ன செய்யட்டும் என்று உன்னிடம் கேட்கத்தான் எழுத ஆரம்பித்தேன். இன்று சனிக்கிழமை. இது உன் கைக்கு வர நாலு நாள் ஆகும், அதற்குள் திங்கள் போய்விடும். அது தெரிந்தேதான் எழுதுகிறேன் போலிருக்கிறது. உனக்கு எழுதிவிட்டேன், இனி அங்கே போய் ஞாபகம் இல்லை என்று எந்த முகத்தோடு சொல்வேன்? பத்து மணிக்கு முன்னால் அந்த நூல் டப்பாவை எடுத்துக்கொண்டு பெரிய சிஸ்டர் அறைக்குப் போய் நடந்ததைச் சொல்வேன். வெளியே அந்த எட்டுப் பிள்ளைகளும் நிற்பார்கள். கேட்கட்டும். ஊட்டுவது எப்படி என்று காட்டத்தானே என்னைப் போட்டார்கள்.

மேல்மாடியில் இருக்கிறவருக்காக ஒரு நிமிஷம் வேண்டிக்கொள். உனக்கு ஒரு குறையும் வராது, உன் கை பட்டவர்கள் எல்லாம் எழுந்து நடப்பார்கள்.

நீ இருக்கிற வார்டிலும் என்னைப் போல ஒரு ஆயா இருப்பாள். வாய் ஓயாமல் கிண்டல் பண்ணிக்கொண்டிருப்பாள். புரிஞ்சுதா என்று நீ கேட்டால் ஏதாவது ஜோக் அடிப்பாள். நன்றாகச் சிரி. சிரித்துவிட்டுப் போய்விடாதே, கண்ணு. பக்கத்தில் போய், யார் காதிலும் விழாமல், இன்னொரு தடவை கேள்.

உன் அம்மா