நாயகி ஏறாத கிணறு

இன்று காலை மாடித் தொட்டியைக் கழுவியபோது கையில் பாசி வாடை ஒட்டிக்கொண்டது. சோப்புப் போட்டும் போகவில்லை. அந்த வாடையில் தொண்டாமுத்தூர்க் கிணற்றுக்குள் மறுபடியும் உன்னோடு கிடந்தேன்.

அக்கா, அது நீ மாத நாவல் எழுதிக்கொண்டிருந்த காலம். உன் நாயகியைக் கிணற்றில் தள்ளிவிடுவார்கள். ஒடிந்த கையோடு, பல்லைக் கடித்துக்கொண்டு தனியாக ஏறி வருவாள். அதற்கு ஒரு கிணற்றை நேரில் பார்க்க வேண்டுமென்று என்னையும் கூட்டிப் போனாய். மழையில் ஊறிய கரை, நாம் எட்டிப் பார்த்ததும் சரிந்தது. இருவரும் விழுந்தோம்.

மோட்டார்க் குழாய் கைக்குக் கிடைத்ததால் பிழைத்தோம். எனக்கு நீச்சல் தெரியாது. ஆனாலும் உன் கதைகளைப் படித்து வளர்ந்த வீராப்பு இருந்தது. "மனசு வெச்சா ஏறிரலாம்" என்று குழாயைப் பற்றி ஏறினேன். வழுக்கி விழுந்தேன். மறுபடி ஏறினேன். உள்ளங்கைத் தோல் உரிந்து, விரல்கள் மரத்துப்போயின.

நீ கத்தத் தொடங்கினாய். "ஏனுங்க! ஆராச்சும் இருக்கறீங்களா? காப்பாத்துங்க!"

எனக்குக் கூச்சமாக இருந்தது. "கத்தாதே, தெம்பு போயிரும்" என்றேன்.

"போனாப் போகுது அம்மணி. நீயும் கத்து!"

குரல் உடைந்து நீ அழுதாய். அழுதுகொண்டே கூப்பிட்டாய். உன் கைகள் மட்டும் குழாயை விடவில்லை. என் பிடி நழுவி, நீர் மோவாயைத் தொட்டபோது நானும் வெட்கத்தை விட்டு அலறினேன்.

ஆடு மேய்த்த அம்மா ஒருவருக்கு அது கேட்டது. அவர் ஓடிப்போய் ஆட்களை அழைத்து வந்தார். "கவுத்தை இடுப்புல கட்டிக்கோங்க, பயப்படாதீங்க" என்று மேலிருந்து குரல் வந்தது.

கரையில் நடுங்கியபடி கேட்டேன்: "உன் நாயகி கத்தவே மாட்டாளே?"

"அவ எங்க கெணத்துல உழுந்தா? நாந்தானே ஊட்டுல உக்காந்து எழுதுனேன்."

அந்த நாவலில் அவளை அழவைத்தாய். உதவிக்குக் கூப்பிட வைத்தாய். "நாயகி அழுதா புக்கு ஓடாதுங்க" என்றார் பதிப்பாசிரியர். நீ மாற்றவில்லை. அது அச்சேறவும் இல்லை.

பல வருடம் கழித்து, கோவை ஆஸ்பத்திரியில் புற்றுநோயோடு கிடந்தாய். பார்க்க வந்த வாசகர் ஒருவர், "உங்க மனஉறுதிக்கு இதெல்லாம் ஒண்ணுமே இல்லீங்க" என்றார். நீ அவரைப் பார்த்துச் சிரித்தாய். பிறகு என் கையை இறுக்கிப் பிடித்தாய்.

"உறுதியெல்லாம் இருக்குது கண்ணு. வலி அதுக்கும் மேல இருக்குது. நர்ஸைக் கூப்புடு."

ஓடினேன். ஊசி போட்டதும் உன் முகம் தளர்ந்தது. நெடுநாளைக்குப் பிறகு தூங்கினாய். அந்த மாதமே போய்விட்டாய்.

போன மாதம் முதுகு பிடித்துக்கொண்டதால் டாக்டரிடம் போனேன். "தாங்கிக்க முடியுதுங்களா?" என்று கேட்டார். 'முடியுதுங்க' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. எதிரே என் மகன் நின்றிருந்தான். அவன் முன் நான் இதுவரை கண் கலங்கியதில்லை.

"முடியலைங்க" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.