பெவர்லி இல்லாத வட்டம்

பாயான் பாரு, பினாங்கு

அன்புள்ள டெரன்ஸ்,

பெவர்லியை நீ வாய் திறக்க விடுவதில்லை. ஆண்டவர் அருளால் அப்பாவும் நானும் சுகம், நீயும் குழந்தையும் சுகமென்று நம்புகிறேன், உன் மனைவியும் சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. வாட்ஸ்அப்பில் சொன்னேன், நீ படித்தது தெரிந்தது, பதில் இல்லை, அதனால் காகிதத்தில் எழுதுகிறேன்.

இங்கே தினமும் சாயங்காலம் மழை. அப்பா முட்டி வலியோடு இன்னும் மோட்டார் சைக்கிளில்தான் பூசைக்குப் போகிறார். ஷேரன் சித்தி கெப்பாலா பத்தாஸிலிருந்து ரம்புத்தான் பழம் கொண்டுவந்தாள், உன்னை விசாரித்தாள். டாஸ்மேனியா மலையில் உன்னோடு இருபது பேர் சேர்ந்து விவசாயம் செய்கிறார்கள், கரண்டு வெயிலிலிருந்து, தண்ணீர் மழையிலிருந்து, தலைவர் என்று யாருமில்லை என்று பெருமையாகத்தான் சொன்னேன். "அப்போ யாரு முடிவு பண்றது, அக்கா?" என்றாள். வட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள், யாரும் மறுக்காவிட்டால் அதுவே முடிவு என்று நீ சொன்னதையே சொன்னேன். சொல்லும்போதே எனக்கு உறைத்தது.

நான் அங்கே வந்திருந்தபோது உங்கள் வட்டம் கூடியதெல்லாம் பிள்ளைகளைத் தூங்க வைக்கும் நேரத்தில். பெவர்லியும் மற்றத் தாய்மார்களும் உள்ளே தட்டிக்கொடுத்துக்கொண்டிருக்க, நீங்கள் ஆண்கள் வெளியே நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து, கடை டயப்பர் பூமிக்குக் கேடு, இனிமேல் துணிதான் என்று முடிவு செய்தீர்கள். யாரும் மறுக்கவில்லையாம். மறுநாள் விறைக்கும் தண்ணீரில் அவளும் நானும் கசக்கினோம், நீ நாற்று நடப் போய்விட்டாய். துணி நல்லதுதான், உன்னையும் துணியில்தான் வளர்த்தேன். ஆனால் பாத்திகளுக்குத் தண்ணீர் விடும் பொறுப்பை நான் எடுத்துக்கொள்ளட்டுமா என்று அவள் கேட்டபோது, "இங்க யாரும் யாருக்கும் தலைவர் இல்ல, பெவ்" என்று சிரித்து முடித்தாயே, நீர்ப்பாசனம் படித்தவள் அவள், எந்தப் பாத்திக்கு முதலில் திறப்பது என்று அன்றைக்கும் நீதானே சொன்னாய்? நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் மேலாளர் யாரென்று தெரியும், நேரே போய்ச் சண்டை போடலாம். அவள் யாரிடம் போவாள்?

போன ஞாயிறு அவள் கூப்பிட்டாள். "மம்மி, பிள்ளையோட அங்க வந்து கொஞ்ச நாள் இருக்கட்டுமா?" என்றாள். வா என்றேன், உன் பழைய அறையைக் கூட்டி வைத்திருக்கிறேன். அவள் வந்தால் திரும்ப அனுப்ப நான் முயற்சி செய்ய மாட்டேன், இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அப்பாவோ, "விடு லா ஜூலி, அவன் பூமியக் காப்பாத்தப் போயிருக்கான், நீ டயப்பரப் புடிச்சிக்கிட்டு நிக்கிற" என்றார். முதலில் சாப்பிட்ட தட்டைக் கழுவுங்கள் என்றேன். முனகிக்கொண்டே கழுவினார்.

மாதா உங்கள் மூவரையும் காப்பாற்றட்டும். குளிரில் வெறுங்காலோடு திரியாதே.

அன்புடன் அம்மா,
ஜூலியானா

அடுத்த கூட்டத்தன்று குழந்தையை நீ தூங்க வை, அவள் போய் வட்டத்தில் உட்காரட்டும். செய்வாயா மாட்டாயா, ஒரு வரி எழுது.