ஒரு மில்லிமீற்றர்

மவுண்ட் ரோஸ்கில்
11.03.2025, இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

சாப்பாட்டுப் பெட்டிக்குள் கடிதம் கிடக்கிறதே என்று பயப்படாதீர்கள். நான் எழும்ப முன் நீங்கள் பஸ் ஓட்டப் போய்விடுகிறீர்கள். திரும்பி வரும்போது நான் நித்திரை. வேறு எங்கே வைப்பது? அம்மாவுக்குத் தெரியாமல் போர்வைக்குள் டோர்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன்.

வீட்டுக்கு வரும் ஆங்கிலக் கடிதங்களை நான்தானே வாசித்துச் சொல்கிறேன். ஆஸ்பத்திரிக் கடிதத்தையும் பழக்கத்தில் உடைத்துவிட்டேன். உங்கள் இடது சிறுநீரகத்தில் இரண்டரைச் சென்ரிமீற்றர் கட்டி, அரிதான வகை, சத்திரசிகிச்சை இல்லை, 27ஆம் திகதி மறுபடி ஸ்கான் என்று எழுதியிருக்கிறது. வெட்டி எடுக்கவில்லை என்றால் கைவிட்டுவிட்டார்களா அப்பா?

கடிதத்தை அட்லஸுக்குள் ஒளித்து ஐந்து நாள். உங்களுக்கு வாசித்துச் சொன்னால்தான் அது உண்மையாகும் என்று நினைத்தேன்.

மகள் வித்தியா

12.03.2025

என் குஞ்சுக்கு,

கடைசித் தரிப்பில் பஸ்ஸை நிறுத்தி, இடியப்பம் சாப்பிட்டபடி வாசித்தேன். கண் கலங்கியதற்குச் சம்பல் உறைப்புத்தான் காரணம் என்று அங்கே நின்ற மற்ற டிரைவருக்குச் சொன்னேன்.

செப்டெம்பரில் வயிற்றுநோவுக்கு ஸ்கான் எடுத்தபோதே அதைக் கண்டார்கள். போன மாதம் ஊசி குத்திச் சோதித்தார்கள். மொழிபெயர்ப்பாளர் போனில் ஏதேதோ சொன்னா. நான் எல்லாவற்றுக்கும் "ஓம் டொக்டர், ஓம் டொக்டர்" என்றுவிட்டு வந்தேன். பெரிய டொக்டரிடம் கேள்வி கேட்பது மரியாதையில்லை என்று வளர்ந்த ஆள் நான். "வெட்டவில்லை, பார்ப்போம்" என்று டொக்டர் சொன்னதாக அவ சொன்னதும் நானும் நீ நினைத்ததையேதான் நினைத்தேன். அதனால் இனி அங்கே போவதில்லை என்றிருந்தேன்.

நீ வந்தால் போகிறேன். உனக்குக் கேட்கத் தெரியும்.

அப்பா தவராசா

27.03.2025, இரவு

அன்புள்ள அப்பா,

இன்றைக்கு ஆஸ்பத்திரியில் டொக்டர் காட்டிய உங்கள் ஸ்கான் படம் கண்ணை விட்டுப் போகவில்லை. உங்களுக்குள்ளே, அந்த இருட்டில், ஓர் உருண்டை. அதன் நடுவில் நட்சத்திரம் போல ஒரு தழும்பு. யாரும் வரையாமல் தானாக வந்திருக்கிறது! நான் பிறக்க முன்பே அது அங்கே இருந்திருக்கலாம் என்று டொக்டர் சொன்னா. அத்தனை வருடமும் நீங்கள் அதையும் சுமந்துகொண்டு என்னையும் தூக்கியிருக்கிறீர்கள்.

நீங்கள் "ஓம் டொக்டர்" என்று தொடங்கியதும் உங்கள் காலை மிதித்தேன். மன்னியுங்கள். மிதித்துவிட்டு, ஏன் வெட்டவில்லை என்று நான் கேட்டிராவிட்டால், வெட்டினால் சிறுநீரகத்தின் நல்ல பகுதியும் சேதமாகும், விடாமல் பார்ப்பதே வைத்தியம் என்பது நம் இருவருக்கும் தெரியாமலே போயிருக்கும்.

ஒரு கேள்வியை மட்டும் உங்களுக்கு மொழிபெயர்க்கவில்லை. "நான் பள்ளிக்கூடம் முடிக்கும்போது அப்பா இருப்பாரா?" என்று கேட்டேன். "இந்தக் கட்டியால் அவருக்கு ஒன்றும் ஆகாது என்றுதான் நம்புகிறேன். நூறு வீதம் சொல்ல முடியாது, அதனால்தான் கண்ணை எடுக்காமல் பார்க்கிறோம்" என்றா.

ஆறு மாதத்தில் அது வளர்ந்தது ஒரு மில்லிமீற்றர். பிறந்தநாளுக்கு என் உயரத்தைக் குறிக்கும் கதவு நிலையில், கீழே, தரையிலிருந்து அடிமட்டம் வைத்து அளந்து அதற்கும் கோடு போட்டேன். செப்டெம்பருக்கு ஒன்று, இன்றைக்கு ஒன்று. பென்சில் முனை தடிப்பு. இரண்டும் ஒரே கோடாக விழுந்துவிட்டன.

காலையில் போக முன் குனிந்து பாருங்கள். அடுத்த கோட்டுக்கு அடிமட்டம் பிடிக்க நீங்கள் வேண்டும்.

வித்தியா