பன்றி முட்டிய கதை

வெஸ்ட்மீட், சிட்னி,
ஞாயிறு மாலை

அன்பு மகன் அனோஜுக்கு,

நேப்பிள்ஸில் நீ சுகமாய் இருப்பாய் என்று ஆண்டவரில் நம்புகிறேன். இங்கே உடம்பளவில் எங்களுக்குக் குறையில்லை, அப்பா என்னோடு பேசித்தான் எட்டு நாளாகிறது. போன் எடுத்தால் எனக்கு அழுகை வரும், அதனால் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய புத்தகத்தைத் தங்கச்சி ஜெனோஜா தமிழில் சொல்லிச் சொல்லி வாசித்தாள். முந்நூறு வருடத்துக்கு முந்திய அந்தப் பாடகன் தொமாசோவின் குரல் உடையக்கூடாதென்று எட்டு வயதில் பெற்றவர்களே அவனை விதை நீக்கக் கத்திக்குக் கொடுத்துவிட்டு, பன்றி முட்டிக் காயம் என்று ஊருக்குச் சொன்னார்களாம். அவன் ரோமில் பெண்வேடம் கட்டிப் பாடி, லண்டனில் அரசர் முன் பாடி, மாளிகை கட்டி வாழ்ந்தும் தாயின் செத்தவீட்டுக்குப் போகவில்லையாம். தாய் சாகும்வரை பன்றியைத்தான் சொன்னாளாம். அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. குரல் உடைந்த பிறகும் நீ பெண்பிள்ளைகளின் சுருதியில் பாடுகிறாய் என்று அப்பா உன்னை மாதா கோயில் பாடகர் குழுவிலிருந்து நிறுத்தியபோது நான் பாட்டுப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டு நின்றவள். நீ இத்தாலிக்குப் போனதும் குருவாகப் படிக்கிறாய் என்று அவர் சொன்னார், நானும் ஓம் என்றேன். மேடைக்கு நீ போட்ட கறுப்பு அங்கிப் படத்தைத்தான் ஐந்து வருடமாகக் கோயிலில் காட்டித் திரிகிறார். தெரிந்தும் நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுவும் எனக்குக் கசப்புத்தான்.

போன ஞாயிறு பூசை முடிய, ரோமுக்கு யாத்திரை போகிற யோகா அன்ரி உனக்கென்று வறுத்திடித்த மிளகாய்த்தூள் பொதியோடு வந்து குருமடத்து விலாசம் கேட்டார். பிள்ளை தியானத்தில இருக்கிறான், ஆரையும் பாக்க விடமாட்டினம் என்றார் அப்பா, நாக்குக் கூசாமல். எனக்குப் பன்றி ஞாபகம் வந்தது. கையிலிருந்த தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு, அவன் சாமியாகப் படிக்கேல்லை யோகா, மேடையில பொம்பிளைக் குரலில பாடுறான், நாங்கள்தான் பொய் சொன்னனாங்கள் என்றேன். யோகா பொதியைத் திரும்பப் பைக்குள் வைத்தார். அப்பா என்னை ஏற்றாமலே காரை எடுத்துக்கொண்டு போனார். பரமட்டாவில் பஸ் மாறி வீடு வந்து சேர்ந்தேன்.

யூலையில் இங்கே பாட வரும்போது சிட்னிக் குளிருக்குக் கழுத்தை மூடிக்கொள், ஐஸ் தண்ணீர் குடிக்காதே. தொண்டைக்குக் காவலான புனித பிளாசியார் உன்னைக் காப்பாராக. அப்பாவுக்கும் எனக்குமாக இரண்டு டிக்கெட் எடுப்பதாக எழுதியிருந்தாய். ஒன்று போதும். முன்வரிசையில் எடு.

இப்படிக்கு,
உன் அம்மா
மேரிறோஸ்